விழுதுகள் மண்ணைத் தொட்டனவா?



அமெரிக்க தேசத்தில் வேலை செய்கிற பிள்ளைகளையோ உறவினரையோ உடைய குடும்பங்கள் இன்று நம்முடைய சபைகளில் அநேகம் உண்டு. அவர்கள் கைபேசியில் அனுப்பும் படங்களுள் ஒன்றை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். செந்நிறப் பட்டை போர்த்திய ஒரு மாபெரும் மரம். அதன் முன் நிற்கிற மனிதரோ சிறு குழந்தைகளைப்போலக் காணப்படுவார்கள். கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சியரா நெவாடா மலைத்தொடரில், 1890ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட செகுவோயா தேசியப் பூங்காவில் நிற்கிற மரங்கள் அவை. அவற்றுள் ‘ஜெனரல் ஷெர்மன்’ என்று பெயரிடப்பட்ட மரமே, அடிமரத்தின் கனஅளவின்படி, உலகத்திலுள்ள மரங்கள் யாவற்றிலும் பெரியது. அதன் உயரம் ஏறக்குறைய 84 மீட்டர். தரையையொட்டிய சுற்றளவு 31 மீட்டர். வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நம்முடைய ஆண்டவர் கலிலேயாவின் கிராமங்களில் நடந்து திரிந்த நாட்களில் அந்த மரம் முளைத்து ஓங்கி நின்றிருந்தது என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறதல்லவா?

அந்த மரத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்கிற வாஞ்சை உண்டாவது இயல்பே. ஆனால் பொம்மசந்திராவில் வாடகை வீட்டில் குடியிருந்து, ஷிப்டு முறையில் தொழிற்சாலைக்குப் போய்வருகிற நம்மில் பலருக்கு அது எட்டாத காரியம். கவலை வேண்டாம். நாம் வசிக்கிற இதே பெங்களூருவின் மேற்கு எல்லையில், ஒரே விடுமுறை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், வேறொரு வகையான பெருமரத்தைத் தேவன் வைத்திருக்கிறார். செகுவோயாவுக்கு முன்னால் நிற்கிறவன் தன் சிறுமையை உணருவான். இந்த மரத்துக்குக் கீழே நிற்கிறவனோ தன் பிள்ளைகளைக் குறித்து யோசிக்கத் தொடங்குவான். இம்மாதம் உங்களை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ராமோஹள்ளியின் பெரிய ஆல்

மைசூரு சாலையில் கெங்கேரிக்கு அப்பால் ராமோஹள்ளி என்னும் ஊரையொட்டி இந்த ஆலமரம் இருக்கிறது. கன்னடத்தில் இதனைத் ‘தொட்ட ஆலத மர’ என்பார்கள். பெரிய ஆலமரம் என்று பொருள். ‘ஆல்’ என்கிற நம்முடைய சொல்லே அவர்களுடைய மொழியிலும் இருப்பதைக் கவனியுங்கள். இந்த ஒரே மரம் ஏறக்குறைய 3 ஏக்கர் நிலத்தைத் தன் நிழலால் மூடியிருக்கிறது. இதன் வயது சுமார் 400 ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது. கர்நாடகத் தோட்டக்கலைத் துறையார் இதனைப் பராமரித்து வருகிறார்கள்.

பொம்மசந்திராவிலிருந்து வாகனத்தில் போகிறவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் சாலையைப் பிடித்து மைசூரு சாலையை அடையலாம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டபடியால், வாகனம் இல்லாதவர்களுக்கும் இப்போது வழி எளிது. ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கும் மாறினால் கெங்கேரியில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். மரத்தடியில் குரங்குகள் மிகுதி. சாப்பாட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மரத்தை வணங்கும்படி வருகிறவர்களும் அங்கே உண்டு. நாமோ மரத்தைப் படைத்தவரைத் தொழுகிறவர்கள். ஆனாலும் படைப்பைக் கவனித்து ஞானம் கற்பது வேதத்துக்கு ஒத்த காரியமே. லீபனோனின் கேதுரு தொடங்கிச் சுவரில் முளைக்கிற ஈசோப்பு வரைக்கும் சாலொமோன் ராஜா மரங்களைக் குறித்து விரித்துரைத்தான் என்று 1 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம் அல்லவா?

தாய்த்தண்டைத் தேடுங்கள்

அங்கே போனதும் பிள்ளைகளிடத்தில் ஒரு வேலையைக் கொடுங்கள். “இந்த மரத்தின் முதல் தண்டு எது? கண்டுபிடியுங்கள்” என்று சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொரு பெரிய தண்டாகச் சுற்றிவருவார்கள். “இதுதான்” என்பான் ஒருவன். “இல்லை, அதுதான்” என்பாள் மற்றொருத்தி. வெகுநேரம் தேடியும் விடை கிடைக்காது. ஏனெனில் அது அங்கே இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தாய்த்தண்டு நோயுற்று அழிந்துபோயிற்று. இன்று நீங்கள் காண்பவை யாவும் விழுதுகளே. ஒரு காலத்தில் நூலைப்போலக் கிளையிலிருந்து தொங்கி, மண்ணைத் தொட்டு, வேர்பிடித்து, பருத்துத் தூணாக மாறியவைகளே இன்று மரத்தைத் தாங்கி நிற்கின்றன. தாய்த்தண்டு போய்விட்டது, மரமோ சாகவில்லை!

இது ராமோஹள்ளியில் மாத்திரம் நடந்ததன்று. கொல்கத்தாவுக்கு அருகே ஹவுராவின் தாவரவியல் தோட்டத்தில் உலகப் புகழ்பெற்ற பேராலமரம் ஒன்று இருக்கிறது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் அது அடிபட்டது. பின்பு அதன் தாய்த்தண்டில் பூஞ்சை நோய் பற்றியது. 15 மீட்டருக்கும் மேற்பட்ட சுற்றளவுள்ள அந்தத் தண்டை 1925ஆம் ஆண்டில் முற்றிலும் வெட்டி அகற்றிவிட்டார்கள். அதற்குப் பின்பும் அந்த மரம் பரவிக்கொண்டே இருக்கிறது. இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் அதனைத் தாங்குகின்றன. சென்னையிலிருந்து வந்தவர்கள் அடையாற்றின் ஆலமரத்தை அறிவீர்கள். அதன் தாய்த்தண்டும் 1989ஆம் ஆண்டின் புயற்காற்றில் சாய்ந்தது. அந்த மரமும் விழுதுகளினாலேயே பிழைத்திருக்கிறது.

நம் முன்னோர் இதனை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். நாலடியாரில் ஒரு பாடல் உண்டு. கரையான் அரித்த ஆலமரத்தை அதன் விழுது தூணாக நின்று தாங்குவதுபோல, தகப்பன் தளர்ந்துபோன நாளில் அவன் பெற்ற மகன் தாங்குவான் என்பது அதன் கருத்து. அந்த நாலடியாரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1893ஆம் ஆண்டில் வெளியிட்டவர் மிஷனெரியாகிய ஜி. யு. போப் ஐயர். அவர் 1870களில் நம்முடைய பெங்களூருவில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

பிரியமானவர்களே, நம்முடைய பெந்தெகொஸ்தே எழுப்புதலின் சரித்திரமும் இப்படிப்பட்டதே. 1860ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்னும் தேவமனிதர் மூலமாக ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அவர் 1867ஆம் ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1906ஆம் ஆண்டில், செகுவோயா மரங்கள் நிற்கிற அதே கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அசுசா வீதியில், வில்லியம் செய்மோர் என்கிற கறுப்பின ஊழியரின் தலைமையில் ஆவியானவரின் அக்கினி பற்றியெரிந்தது. செய்மோர் 1922ஆம் ஆண்டில் மரித்தார். அந்தக் கட்டடமும் 1931ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. இன்று அங்கே போனால் தாய்த்தண்டைக் காணமாட்டீர்கள். ஆனால் அங்கிருந்து இறங்கிய விழுதுகளோ உலகத்தின் எத்தனையோ தேசங்களில் மண்ணைத் தொட்டுத் தூண்களாகிவிட்டன.

தொங்குகிற விழுது போதுமா?

இப்போது மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். எல்லா விழுதுகளும் தூண்களாகிவிடவில்லை. அநேகம் விழுதுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. அவை உயிரோடுதான் இருக்கின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அவற்றின் ஆகாரம் மேலேயுள்ள கிளையிலிருந்துதான் வருகிறது. நுனி மண்ணைத் தொடுகிற நாளில்தான் எல்லாம் மாறும். அன்றைக்கே அது மண்ணுக்குள் கிளைவிட்டுப் பரவத் தொடங்கும். தானாகத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். ஆண்டுதோறும் பருக்கும். இதுவரை தன்னைச் சுமந்த கிளையை இனி அது சுமக்கும்.

மண்ணைத் தொடாத விழுதின் கதி என்ன? கீழே சிமெண்டுத் தளமோ தார்ச்சாலையோ இருந்தால் அதற்கு இறங்க இடமில்லை. சாலை ஓரங்களில் வாகனங்களுக்குத் தடையாயிருக்கிறதென்று நுனியைக் கத்தரித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஊஞ்சலாடி அறுத்துவிடுகிறார்கள். பார்க்கிறவனுக்கு அது பச்சையான மரத்தின் ஒரு பாகமாகவே தோன்றும். ஆனால் தாய்த்தண்டு சாய்கிற நாளில் அந்த விழுதினால் யாரையும் தாங்க முடியாது. மேலே உள்ள கிளையோடு சேர்ந்து அதுவும் காய்ந்துபோகும்.

நம் வீட்டுப் பிள்ளைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஞாயிறுதோறும் சபைக்கு வருகிறார்கள். பாட்டுக்குக் கை தட்டுகிறார்கள். ஞாயிறு பள்ளித் தேர்வில் பரிசும் வாங்குகிறார்கள். அவர்கள் உயிருள்ள விழுதுகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய விசுவாசம் தன் சொந்த வேரினால் குடிக்கிறதா, அல்லது அப்பா அம்மாவின் ஜெபத்திலிருந்து இறங்குகிற ஈரத்தினால் மாத்திரம் பிழைத்திருக்கிறதா?

எங்கள் சபையில் மூப்பர் ஒருவரைச் சென்ற ஆண்டில் அடக்கம்பண்ணினோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டி, தகரக் கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடத்தத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அடக்க ஆராதனை முடிந்தபின் அவருடைய வேதாகமத்தை மூத்த பேரனுடைய கையில் கொடுத்தோம். பக்கங்களின் ஓரமெல்லாம் அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: வேலை போன நாள், உபவாசம் இருந்த நாட்கள், ஜெபம் கேட்கப்பட்ட தேதி. சங்கீதப் புத்தகத்தின் ஓரிடத்தில் அந்தப் பேரனுடைய பெயரும், அவன் குறைமாதத்தில் பிறந்தபோது மருத்துவமனையில் கழிந்த இரவுகளும் குறிக்கப்பட்டிருந்தன. அவன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு மெதுவாக, “ஐயா, எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றான். தன் உயிருக்காகத் தாத்தா செய்த ஜெபம் அவனுடைய கையிலேயே இருந்தது. அதை வாசிக்க அவனால் இயலவில்லை.

இதற்கு அந்தப் பையன்மேல் குற்றம் சொல்லலாமா? அவன் படித்தது ஆங்கிலப் பள்ளி. தெருவில் பேசுவது கன்னடம். நாமே அவனை அங்கே சேர்த்தோம். அவனுடைய நன்மைக்காகவே சேர்த்தோம்.

எந்த மண்ணில் வேர்விடும்?

இங்கே நம்முடைய சபைகளில் ஒரு பெரிய விவாதம் எழும்புகிறது. சில மூப்பர்கள் நெகேமியா 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டுவார்கள். யூதருடைய பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத்தின் பாஷையைப் பேசி, தங்கள் சொந்தப் பாஷையை அறியாதிருந்ததைக் கண்டு நெகேமியா மனம் கொதித்தான். “ஆகையால் தமிழ் ஆராதனையே போதும்; பிள்ளைகள் தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும்” என்பார்கள். வாலிபரோ, “எங்களுக்குப் புரிகிற மொழியில் பேசுகிற சபைக்கு நாங்கள் போய்விடுகிறோம்” என்கிறார்கள். சொல்லாமலே போய்விடுகிறவர்களும் உண்டு. எங்கும் போகாமலே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறித்தே நான் அதிகமாகப் பாரப்படுகிறேன்.

மூப்பர்களின் வேதனையை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் நெகேமியாவை வாசிக்கிற நாம், அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தின் பிள்ளைகள் என்பதை மறக்கலாமா? பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்கள் எபிரெயு கற்றுக்கொண்டு வரட்டும் என்று ஆவியானவர் காத்திருக்கவில்லை. பார்த்தரும் மேதரும் எகிப்தியரும் ரோமரும் அவரவர் பிறந்த தேசத்தின் பாஷையிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள். நம்முடைய பெயரே அந்த நாளிலிருந்து வந்ததல்லவா? தீமோத்தேயுவைப் பாருங்கள். அவனுடைய தகப்பன் கிரேக்கன். ஆனால் பாட்டி லோவிசாளுக்குள் இருந்த விசுவாசம் தாய் ஐனிக்கேயாளுக்குள் வந்து, அவனுக்குள்ளும் இறங்கிற்று. தேசமும் கலாசாரமும் கலந்த ஒரு வீட்டில்தான் அந்த விழுது மண்ணைத் தொட்டது.

ஆலமரம் இதைக் கண்ணுக்கு முன்பாகக் காட்டுகிறது. தாய்த்தண்டு நின்ற இடத்துக்குத் திரும்பிப்போய் எந்த விழுதும் வேர்விடுவதில்லை. தான் தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே எந்த மண் இருக்கிறதோ, அந்த மண்ணில்தான் அது வேர்விடும். அதனால்தான் மரம் பரவுகிறது. நம்முடைய தாய்த்தண்டு தருமபுரியிலோ வேலூரிலோ தூத்துக்குடியிலோ நின்றிருக்கலாம். நம் பிள்ளைகளுக்குக் கீழே இருப்பதோ பெங்களூருவின் மண். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தில், அங்கே வீடு கட்டித் தோட்டம் போடவும், பிள்ளைகளைப் பெற்றுப் பெருகவும், அந்தப் பட்டணத்துக்காக ஜெபிக்கவும் கர்த்தர் சொல்லவில்லையா? நாம் சிறைப்பட்டு வந்தவர்களும் அல்ல. பிழைப்புக்காக நாமே விரும்பி வந்தவர்கள்.

அப்படியானால் தமிழை விட்டுவிடலாமா? அதையும் நான் சொல்லவில்லை. விழுது மண்ணைத் தொடுகிற வரைக்கும் அதற்கு ஆகாரம் மேலிருந்தே வருகிறது என்று பார்த்தோம். வீட்டில் தமிழ் பேசுங்கள். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். தாத்தா பாட்டியின் ஜெபம் பிள்ளைகளுடைய காதில் விழட்டும். ஆனால் பிள்ளை தன் தேவனோடு தனித்துப் பேசுகிற மொழி எதுவாயினும் அதற்குத் தடைபோடாதிருங்கள்.

அக்கினி காணாத காடு

மீண்டும் ஒருமுறை செகுவோயா மரங்களண்டைக்குப் போவோம். அங்கேயும் இளைய தலைமுறையைக் குறித்து ஒரு கவலை எழும்பிற்று. அந்த மாபெரும் மரத்தின் காய் ஒரு கோழிமுட்டை அளவுதான். விதையோ ஓட்ஸ் தானியத்தின் அவலைப்போல மெல்லியது. காய்கள் திறவாமல் இருபது ஆண்டுகள்கூட மரத்திலேயே இருக்கும். காட்டுத்தீயின் வெப்பம் மேலெழும்பிக் காய்களை உலர்த்தும்போதே அவை திரளாகத் திறந்து விதைகளை உதிர்க்கும். கீழே சருகெல்லாம் எரிந்து மண் வெளிப்பட்டிருக்கும். அந்த வெறும் மண்ணில் விதை முளைக்கும். பெரிய மரங்களுக்கோ அந்தச் சிறு தீ பெரிதும் சேதம் செய்யாது. தடித்த பட்டை அவற்றைக் காக்கும்.

இதை அறியாத நாட்களில் பூங்காவின் காவலர்கள் மரங்கள்மேல் கொண்ட அன்பினால் பல ஆண்டுகளாக எல்லாத் தீயையும் உடனுக்குடன் அணைத்தார்கள். விளைவு என்ன? ராட்சத மரங்கள் கம்பீரமாக நின்றன. அவற்றின் அடியில் கன்றுகள் இல்லை! காரணத்தை ஆராய்ந்தறிந்து, 1960களிலிருந்து அவர்களே கட்டுப்பாட்டோடு சிறு தீ மூட்டத் தொடங்கினார்கள். ஆனாலும் நீண்டகாலமாகச் சேர்ந்துபோன சருகும் நெருங்கி வளர்ந்த மரங்களும், கடும் வறட்சியும் ஒன்றுசேர்ந்து, 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தீயாக மூண்டன. ஆயிரக்கணக்கான பெரிய செகுவோயாக்கள் அவற்றில் மடிந்தன. 2021ஆம் ஆண்டில் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடியைத் தீப்பிடிக்காத அலுமினியத் தகட்டுப் போர்வையால் சுற்றிக் காக்கவேண்டியதாயிற்று.

பெற்றோரே, உங்கள் விசுவாசம் எங்கே முளைத்தது? வேலையில்லாத மாதங்களில், வாடகை கொடுக்க வழியில்லாத இரவில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மருந்துக்குப் பணமில்லாத வேளையில் அல்லவா? அக்கினியில் முளைத்தது உங்கள் விசுவாசம். ஆனால் “நாங்கள் பட்ட பாடு பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம்” என்று அதையெல்லாம் அவர்களுக்கு மறைத்துவிடுகிறோம். இன்று அவர்கள் காண்பது கட்டிய வீடு, வாங்கிய வண்டி, கிடைத்த சம்பளம். அவற்றுக்குப் பின்னாலிருந்த ஜெபத்தை அவர்கள் கண்டதில்லை. கர்த்தரையும் அவர் செய்தவைகளையும் அறியாத வேறொரு தலைமுறை எழும்பிற்று என்று நியாயாதிபதிகள் 2ஆம் அதிகாரம் சொல்லுகிறது. யோசுவாவின் காலத்து மூப்பர்கள் உத்தமர்களே. அவர்கள் கண்டவைகள் அடுத்த தலைமுறையின் சொந்த அநுபவமாகவில்லை; குறை அங்கேதான்.

நாம் செய்யவேண்டியது என்ன?

தெலங்கானாவில் மகபூப்நகருக்கு அருகே பிள்ளலமர்ரி என்னும் பழைமையான ஆலமரம் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் கிளைகளில் தொங்கி ஆடியும், பட்டையில் பெயர்களைச் செதுக்கியும் அதனை வருத்தினார்கள், கரையானும் பற்றிக்கொண்டது. 2018ஆம் ஆண்டில் அதனைப் பிழைப்பிக்கும்படி, நோயாளிக்குச் சலைன் ஏற்றுவதுபோலவே, மருந்துக் கலவையைப் புட்டிகளில் தொங்கவிட்டுச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள். அதோடு நின்றுவிடவில்லை. தொங்குகிற இளம் விழுதுகளைக் குழாய்களுக்குள் விட்டு, அவை காற்றில் அலையாமலும் அறுபடாமலும் தரைவரைக்கும் இறங்க வழி செய்தார்கள்.

இதிலே நமக்கு நல்ல போதனை உண்டு. குழாய் விழுதை வளரச் செய்வதில்லை; வளர்ச்சியைத் தருகிறவர் தேவனே. குழாய் செய்வதெல்லாம், விழுது மண்ணைத் தொடும்வரை அதனைக் காப்பதுதான். அந்தக் குழாயைப் போன்ற நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, குடும்ப ஜெபத்தை வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகளுடைய கையில் விட்டுவிடுங்கள். எந்த மொழியில் ஜெபித்தாலும், எத்தனை வார்த்தை தடுமாறினாலும் திருத்தாதிருங்கள். “ஆமென்” என்று மாத்திரம் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் சாட்சியை எழுதிவையுங்கள். வந்த ஆண்டு, தங்கின இடம், பட்ட கடன், கேட்கப்பட்ட ஜெபம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் சொல்லிக்கொடுங்கள். தகப்பன்மார் தங்களுக்குச் செய்யப்பட்டவைகளைப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் அறிவிக்கவேண்டும் என்பது சங்கீதம் 78இன் பாரம். முன்னே சொன்ன அந்தப் பேரனுடைய வீட்டில் இப்போது இதுதான் நடந்துவருகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப்பின் அவனுடைய தாயார் தாத்தாவின் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். அவன் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுகிறான். ஆதியாகமத்தில் தொடங்கி இப்போது சாமுவேலின் புத்தகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சபையின் பொறுப்புகளில் இளையோரைச் சேருங்கள். நாற்காலி போடுவதற்கும் ஒலிபெருக்கி கட்டுவதற்கும் மாத்திரம் வாலிபரை அழைக்கிறோம். பிரசங்கிக்கவும், வியாதியஸ்தரைப் பார்த்து ஜெபிக்கவும், கணக்கு வழக்கைக் கவனிக்கவும் அவர்களை அனுப்புவோம். குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்லுவார்கள் என்று யோவேல் உரைத்ததை நம்புகிற நாம், அவர்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுக்கப் பயப்படலாமா?

நான்காவது காரியத்தை என் உடன் ஊழியருக்குச் சொல்லுகிறேன். ஒரு பெரிய தண்டினால் சபை நிழல் பெறுவது நன்மையே. ஆனால் எல்லாக் கிளையும் நம்மையே சார்ந்திருக்கவேண்டும் என்று விரும்பினால், நாம் சாய்கிற நாளில் சபையும் சாயும். மோசே தன் நாட்களிலேயே யோசுவாவின்மேல் கைகளை வைத்தான். தமிழ் ஆராதனையோடுகூட, கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இளையோர் நடத்துகிற ஓர் ஆராதனையைத் தொடங்க உங்கள் கட்டடத்தைத் திறந்துகொடுங்கள். அது உங்களுடைய சபையின் பிளவு அன்று, உங்களுடைய விழுது.

இனி ஒரு விடுமுறை நாளைத் தெரிந்துகொண்டு குடும்பமாய் ராமோஹள்ளிக்குப் புறப்படுங்கள். விழுதுகளில் ஆடவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்னமே சொல்லுங்கள். பட்டையில் பெயர் செதுக்கவேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மரத்தடியில் அமர்ந்து சங்கீதம் 92இன் கடைசி வசனங்களை அவரவர் மொழியில் வாசியுங்கள். கர்த்தருடைய ஆலயத்தில் நாட்டப்பட்டவர்கள் முதிர்வயதிலும் கனிதருவார்கள் என்கிற வாக்குத்தத்தம் அங்கே இருக்கிறது. பின்பு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்குகிற ஓர் இளம் விழுதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்கு இன்னும் ஒரு சாண்தான் மீதியிருக்கிறது. அந்த ஒரு சாண் தூரம் நம்முடைய வீடுகளில் யாருக்கு மீதியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தேவசமுகத்தில் ஆராய்ந்து பார்ப்போமாக.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் சந்ததியையும் இந்தப் பட்டணத்தின் மண்ணில் வேரூன்றச் செய்து, அநேகருக்கு நிழலாக வைப்பாராக. ஆமென்.